இரவுக் காற்றும் கைக்குழந்தையும்

பொழுது சாய்ந்தபின் கைக்குழந்தையை வாயிற்படிக்கு வெளியே கொண்டுவரலாகாது என்பது நம் தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டுவரும் ஒரு விதி. குருவிட்டவிலும் அதனைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும் இவ்விதியை அறியாத தாய் இல்லை. பனி படும் என்பர் சிலர். உச்சிக்குழி வழியே குளிர் இறங்கும் என்பர் சிலர். பட்சி தோஷம் பற்றும், காற்றுக் கறுப்பு அண்டும் என்பர் வேறு சிலர். காரணம் எதுவாயினும் முடிவு ஒன்றே: இரவுக் காற்றுக் குழந்தைக்கு ஆகாது.

குழந்தையை இரவில் வீட்டுக்குள் வைத்திருப்பதனால் மாத்திரம் ஒரு கேடும் இல்லை. ஆனால் இந்த அச்சத்திலிருந்து இரண்டு வழக்கங்கள் கிளைத்திருக்கின்றன. ஒன்று, லயத்து அறையின் சன்னலையும் கதவையும் இறுக மூடி, இடுக்குகளிலே சாக்குத் துணியைச் செருகி, அடுப்புப் புகையோடு குழந்தையை உறங்கவைப்பது. மற்றொன்று, குழந்தைக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறும்போதும், 'இந்தக் காற்றிலே எப்படிக் கொண்டுபோவது, விடியட்டும்' என்று காத்திருப்பது. இவ்விரண்டும் உயிரோடு தொடர்புடையவை. ஆதலின் இவ்வச்சத்தின் வேரை ஆராய்வது அவசியமாகின்றது. நான் வைத்தியன் அல்லேன். பாடசாலை அதிபன், கலை பயின்றவன். எனினும் இக்கேள்வியின் வரலாறு வைத்தியர்க்கு மாத்திரம் உரியதன்று. நாம் அனைவரும் விளங்கிக்கொள்ளக் கூடியதே.

முதலிலே காற்றைக் கவனிப்போம். காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். 21 பங்கு ஒட்சிசன். எஞ்சிய ஒரு பங்கிலே பிற வாயுக்கள். இந்தக் கணக்குப் பகலிலும் இதுவே, இரவிலும் இதுவே. மரங்கள் இரவிலே கரியமில வாயுவை விடுகின்றன என்று பாடசாலையில் படித்த பிள்ளைகள், அதனாலேதான் இரவுக் காற்று நஞ்சாகிறது என்று எண்ணுவதுண்டு. மரங்கள் அவ்வாயுவை விடுவது உண்மை. ஆனால் அதன் அளவு மிகச் சொற்பம். அறைக்குள் உறங்கும் ஒரு மனிதனின் மூச்சே அதனினும் மிகுதியான வாயுவை வெளிவிடும். சூரியன் மறைந்தபின் காற்றிலே மாறுவன இரண்டு: வெப்பம் குறைகின்றது, ஈரப்பதன் கூடுகின்றது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் நம் இரத்தினபுரிப் பகுதியில் ஈரம் எப்பொழுதும் உண்டு. இரவின் வெப்பநிலையோ பெரும்பாலும் 22 முதல் 24 பாகைச் செல்சியஸ் அளவில் நிற்பது. இதிலே நஞ்சு எதுவும் இல்லை.

அப்படியாயின் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? இது நமக்கு மாத்திரம் உரியதன்று. மேல்நாட்டாரும் நூற்றாண்டுக் கணக்காக இவ்வாறே அஞ்சினர். சதுப்பு நிலங்களிலும் அழுகிய பொருள்களிலும் இருந்து எழும் ஆவி இரவிலே காற்றில் கலந்து காய்ச்சலை உண்டாக்கும் என்பது அவர்தம் வைத்தியக் கொள்கையாகவே இருந்தது. 'மலேரியா' என்னும் சொல்லே இத்தாலிய மொழியிற் 'கெட்ட காற்று' எனப் பொருள்படுவது. 1776ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அமெரிக்கத் தலைவர்களாகிய பெஞ்சமின் பிராங்கிளினும் ஜோன் அடம்சும் பயணத்தின் இடையே ஒரு விடுதியின் சிற்றறையில் ஒரே படுக்கையில் தங்க நேர்ந்தது. இரவுக் காற்றுக்கு அஞ்சிய அடம்ஸ் சன்னலை மூடினார். பிராங்கிளினோ அதைத் திறக்கச் சொல்லி, தடிமன் பிடிப்பது எதனால் என்பது பற்றித் தமது கொள்கையை விரித்துரைக்கத் தொடங்கினார். அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டே அடம்ஸ் உறங்கிப்போனார். மறுநாள் இருவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

ஓர் இரவின் அனுபவம் சான்றாகாது. சான்று வரச் சற்றொப்ப ஒன்றேகால் நூற்றாண்டு சென்றது. 1880இல் அல்ஜீரியாவிலே லவரன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் மலேரியா நோயாளரின் இரத்தத்தில் அந்நோயின் கிருமியைக் கண்டார். 1897 ஓகஸ்ட் 20ஆம் நாள், இந்தியாவின் செக்கந்தராபாத் நகரில் ரொனால்ட் றோஸ் அதே கிருமியை ஒரு நுளம்பின் வயிற்றிலே கண்டார். எனினும் ஐயம் தீரவில்லை. நுளம்பு ஒரு வழியாக இருக்கலாம். இரவுக் காற்றும் ஒரு வழியாக இருக்கலாமல்லவா என்று பலர் வினவினர். நுளம்பும் இரவுக் காற்றும் எப்பொழுதும் சேர்ந்தே வருவன. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எவ்வாறு?

இதற்கு மான்சன் என்னும் ஸ்கொட்லாந்து வைத்தியப் பெரியார் 1900ஆம் ஆண்டில் வழி கண்டார். உரோமாபுரியை அடுத்த ஒஸ்தியாப் பகுதி மலேரியாவுக்குப் பேர்போன சதுப்பு நிலம். அங்கே வலை அடித்த சன்னல்களையும் கதவையும் உடைய ஒரு மரக்குடிசை நிறுவப்பட்டது. சம்பொன், லோ என்னும் இரு வைத்தியர்கள் தம் துணைவரோடு காய்ச்சற் பருவம் முழுவதும் அதிலே குடியிருந்தனர். பகலெல்லாம் வெளியே உலாவினர். பொழுது சாயுமுன் குடிசைக்குட் புகுந்து, சன்னல்களைத் திறந்தே வைத்து, சதுப்பு நிலத்தின் இரவுக் காற்றை விடியும்வரை சுவாசித்தனர். கொயினா உட்கொள்ளவில்லை. ஒருவருக்கேனும் மலேரியா வரவில்லை. அதே ஆண்டில் உரோமாபுரியிலிருந்து நோய்க்கிருமி தாங்கிய நுளம்புகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. மலேரியா இல்லாத அந்நகரில் மான்சனின் மகனே தம் கையை நீட்டி அவற்றைக் கடிக்கவிட்டார். அவருக்குக் காய்ச்சல் வந்தது. நுளம்பு இல்லாத இரவுக் காற்று நோயைத் தரவில்லை. இரவுக் காற்று இல்லாத நுளம்பு நோயைத் தந்தது. வழக்கு அத்தோடு தீர்ந்தது.

இங்கே முன்னோருக்கு நாம் நியாயம் செய்தல் வேண்டும். இரவில் வெளியே இருந்தவர்க்குக் காய்ச்சல் வந்ததும், கதவை மூடி உள்ளே இருந்தவர் தப்பியதும் அவர்கள் கண்ணாரக் கண்டவை. அவர்கள் கண்டது பிழையன்று. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு அந்திக்கும் விடியலுக்கும் இடையிலேதான் கடிக்கும். ஆதலின் மூடிய கதவு உண்மையாகவே ஓரளவு காத்தது. கதவு தடுத்தது காற்றையன்று, நுளம்பை என்பதுதான் அவர்கள் அறியாத செய்தி.

இச்செய்தியின் விலை என்ன என்பதை நம் சப்பிரகமுவ மாகாணமே அறியும். 1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. பெருக்கெடுத்தோடும் மகா ஓயா, களனி கங்கை முதலிய ஆறுகள் வற்றி, மணற்படுகையிலே குட்டை குட்டையாகத் தேங்கின. வழக்கமாக நுளம்பின் புழுக்களை அடித்துச் செல்லும் வெள்ளம் இல்லாமற் போகவே, அக்குட்டைகளில் அனோபிலிஸ் கோடி கோடியாகப் பெருகியது. அவ்வாண்டு ஒக்ரோபரிலே தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை, குருநாகல் மாவட்டங்களைச் சூறையாடியது. 1935இல் அது தணிவதற்குள் நாட்டிலே ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் குழந்தைகள். மழை மிகுந்த பகுதி மக்களுக்கு முன்னரே மலேரியாப் பழக்கம் இல்லாமையால் உடலிலே எதிர்ப்பு வலிமையும் இல்லை; வறுமையும் பசியும் எஞ்சியிருந்த வலிமையையும் தின்றன.

இதனைச் சிந்தித்துப் பாருங்கள். 1933ஆம் ஆண்டிலும் கேகாலையில் இரவுகள் இருந்தன. அவ்விரவுகளிலும் காற்று வீசியது. காற்றுதான் காரணமாயின் அவ்வாண்டும் அழிவு வந்திருத்தல் வேண்டும். மாறியது ஆற்று நீர். அதனால் மாறியது நுளம்பின் தொகை. காற்று மாறவேயில்லை.

காரணம் விளங்கியபின் போர் எளிதாயிற்று என்று சொல்வதற்கில்லை. ஆனால் எங்கே போர் தொடுப்பது என்பது தெரிந்தது. 1940களின் நடுவிலே வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளர் மாத்திரமே பதிவாயினர். வெற்றி கிட்டியது என்று முயற்சி தளர்ந்தபோது, அப்பத்தாண்டின் இறுதியில் நோய் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. பின்னர் விடாது உழைத்ததன் பயனாக, 2012 ஒக்ரோபரோடு உள்நாட்டு மலேரியாவின் தொடர்ச்சி அறுந்தது. 2016 செப்டெம்பரிலே உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா நீங்கிய நாடு எனச் சான்றளித்தது. நம் இரவுகள் இன்று பாட்டன்மாரின் இரவுகளைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானவை.

ஆனால் நுளம்பு இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. அது இப்பொழுது வேறு நேரத்தில் வருகின்றது. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலிலே கடிப்பது. விடிந்தபின் உள்ள சில மணி நேரமும் பொழுது சாயுமுன் உள்ள சில மணி நேரமும் அதற்கு உகந்தவை. 2017ஆம் ஆண்டில் இலங்கையிலே 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இரவுக்கு அஞ்சிக் கதவை மூடும் தாய், காலையிலே குழந்தையைத் திறந்த திண்ணையில் வலையின்றி உறங்கவிட்டுக் கொழுந்து பறிக்கச் செல்வாளாயின், இல்லாத பகைவனுக்குக் கதவடைத்து, இருக்கும் பகைவனுக்கு வாயில் திறந்தவளாவாள். ஈடிஸ் நுளம்பு சாக்கடையைத் தேடுவதில்லை. தேங்கிய தெளிந்த நீரையே தேடும். இறப்பர்ப் பால் வடிக்கும் சிரட்டை, கூரைப் பீலி, பழைய ரயர், தயிர்ச்சட்டி, கைவிடப்பட்ட மாணிக்கக் குழியின் ஓரத்துக் கலன்கள் ஆகிய இவற்றிலே முட்டையிட்டு, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் புதிய நுளம்பாகப் பறக்கும். ஆகையால் வாரத்துக்கு ஒரு முறை இவற்றைக் கவிழ்த்துவிடுதல் போதுமான வேலியாகும்.

இனி, குளிரைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். இரவுக் காற்றிலே குழந்தைக்கு மெய்யாகவே கவனம் வேண்டிய பகுதி இதுவே. கைக்குழந்தை பெரியவர்களைப் போலன்றித் தன் எடைக்கு ஒப்பிடுகையில் பரந்த தோற்பரப்பு உடையது. தோலின் கீழ்க் கொழுப்பும் குறைவு. குளிர்ந்தால் நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்கு இயலாது. பச்சிளங் குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 பாகை வரை இருத்தல் வேண்டும். அதிலும் குறைமாதக் குழந்தை, நிறை குறைந்த குழந்தை, நனைந்த துணியோடு கிடக்கும் குழந்தை ஆகியோர் நம் ஊரின் 22 பாகை இரவிலுங்கூடக் குளிர்ந்துபோவர். எனவே தீமை காற்றினுடையதன்று, ஈரத்தினுடையது. உலர்ந்த துணியும் தாயின் மார்பும் அதற்கு மருந்து. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரிலே, வெப்பப் பெட்டிகள் போதாத ஒரு வைத்தியசாலையில், எட்கர் ரே என்னும் வைத்தியர் நிறை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று பெயர் பெற்ற அது இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுகின்றது. இதற்குப் பணமும் வேண்டாம், பொறியும் வேண்டாம்.

அளவுக்கு மிஞ்சிய போர்வையும் தீங்கே. சூடு மிகுந்து வியர்க்கும் குழந்தைக்கு, உறக்கத்திலே திடீரென உயிர் பிரியும் ஆபத்துக் கூடுகின்றது. நாம் உடுத்தியிருப்பதைவிட ஓர் அடுக்குத் துணி கூடுதலாக இருந்தாற் போதும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, வியர்த்திருந்தால் ஒரு துணியை நீக்குங்கள். முகத்தை மூடாதீர்கள். குழந்தையை எப்பொழுதும் மல்லாக்கக் கிடத்தி உறங்கவையுங்கள்.

குளிர்காற்றுப் பட்டதனால் தடிமன் வந்தது என்கிறோம். தடிமனைத் தருவது வைரசு; அது வருவது மனிதரிடமிருந்து. இங்கிலாந்தின் சோல்ஸ்பரியில் 1946 முதல் 1990 வரை தடிமனை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் இருந்தது. அங்கே தாமாக முன்வந்தோரை நனைத்துக் குளிரிலே நிற்கவைத்துப் பார்த்தனர். குளிர்ந்தமையால் மாத்திரம் அவர்களுக்குத் தடிமன் பிடிக்கவில்லை. மழைக்காலத்தில் தடிமன் பெருகுவதற்கு ஒரு முதன்மையான காரணம், அனைவரும் ஓரறையிலே கதவை மூடி நெருங்கியிருப்பதாகும். தடிமனோடு வந்து குழந்தையை முத்தமிடும் உறவினர், இரவுக் காற்றைக் காட்டிலும் அஞ்சத்தக்கவர். அவரிடம் 'கையைக் கழுவிவிட்டு வாருங்கள் மாமி' என்று சொல்வது அவமரியாதையன்று.

இவற்றினும் பெரிய பகை ஒன்று மூடிய அறைக்குள்ளேயே இருக்கின்றது. அது புகை. பழைய லயத்து அறைகள் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவின. அதிலே அல்லது அதை ஒட்டிய தாழ்வாரத்திலே ஈர விறகு எரியும். மண்ணெண்ணெய் விளக்கும் எரிவதுண்டு. சன்னலும் அடைபட்டால் அப்புகைக்குப் போக்கிடம் குழந்தையின் நெஞ்சே. வீட்டுப் புகையினாற் குழந்தைகளுக்கு நியுமோனியா வரும் அபாயம் ஏறத்தாழ இருமடங்காகின்றது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நுளம்புச் சுருளையும் இக்கணக்கிலே சேர்த்தல் வேண்டும். ஒரு சுருள் எரிந்து முடிகையில் எழும் நுண்துகள்கள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்கு நிகரானவை என 2003இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. வெளியிலுள்ள நல்ல காற்றுக்கு அஞ்சி, உள்ளிருக்கும் கெட்ட காற்றைக் குழந்தைக்கு ஊட்டுவது எவ்வளவு விபரீதம்! சன்னலுக்குக் கம்பி வலை அடித்துத் திறந்துவையுங்கள். அது இயலாவிடில் குழந்தையை நுளம்பு வலைக்குள் உறங்கவைத்து, சன்னலின் ஒரு பகுதியையேனும் திறந்துவையுங்கள். அடுப்பு எரியும்போது குழந்தை அவ்விடத்தில் இருத்தலாகாது.

இறுதியாக, தாமதம் பற்றியது. நேயர்களே, இவ்வுரையிலே நீங்கள் வேறெதனை மறந்தாலும் இதனை மறவாதிருக்க வேண்டுகிறேன். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் அதன் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல்; இரண்டு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேல்; ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது விரைந்த மூச்சு. மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிதல், பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத சோர்வு, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் அல்லது உடல் சில்லிடுதல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியலுக்குக் காத்திருத்தல் கூடாது. அப்பொழுதே புறப்படுதல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வண்டி வரும். 2019 முதல் அச்சேவை நாடு முழுவதற்கும் உண்டு. வண்டி வரமுடியாத மேட்டு லயமாயின், பாதை வரையேனும் குழந்தையைக் கொண்டுவாருங்கள்.

கொண்டுவரும் முறையும் எளிதே. குழந்தையின் துணி உலர்ந்திருக்கட்டும். தலைக்கு ஒரு தொப்பி போடுங்கள். தாயின் மார்போடு அணைத்து, மேலே சேலையாலோ போர்வையாலோ சுற்றுங்கள். மூக்கும் வாயும் திறந்திருக்கட்டும். மழையாயின் ஒருவர் குடை பிடிக்கட்டும். குடிக்குமாயின் வழியிலே பால் கொடுங்கள். இவ்வாறு செல்லும் குழந்தையை எந்த இரவுக் காற்றும் ஒன்றும் செய்யாது. பின்லாந்து முதலிய வடநாடுகளிலே பனி கொட்டும் பருவத்திலும் தக்க உடை போர்த்துக் கைக்குழந்தைகளை வீட்டு வெளியிலே பகலுறக்கம் கொள்ளவிடுவது வழக்கமாக இருக்கின்றது. நம் ஊரின் இரவு அந்தப் பகலைவிட எத்தனையோ மடங்கு இதமானது.

வீட்டிலே பாட்டிமார் இவற்றை ஏற்கத் தயங்குவர். அவர்களோடு வாதிட வேண்டியதில்லை. குழந்தைக்கு மை இடுவதோ வேப்பிலை செருகுவதோ அவர்தம் அன்பின் அடையாளம்; மையைக் கண்ணுக்குள் இடுதல் மாத்திரம் ஆகாது. 'நீங்கள் அஞ்சியது சரிதான் அம்மாயி. அந்த நாளிலே இரவில் வந்த பகை நுளம்பு, காற்றன்று' என்று எடுத்துச் சொன்னால் அவர்கள் விளங்கிக்கொள்வர். வலையைக் கட்டும் பொறுப்பையும் சிரட்டையைக் கவிழ்க்கும் பொறுப்பையும் அவர்களிடமே கொடுங்கள். பேரப்பிள்ளையின் காவலை அவர்களைவிடக் கருத்தாகச் செய்வார் வேறு யாருமில்லை.